பக்கவாதத்துக்குப் பிறகு சட்டப்பணி: ஒரு மருமகனின் கேள்விக்குப் பதில்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து சட்டம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருப்பதன் சாரம் இது: "என் தாய்மாமா எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் வழக்கறிஞர். வயது 49. ஒருநாள் நீதிபதி ஆவார் என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தோம். ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. கோயம்புத்தூரில் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். வலது கையில் பலம் இல்லை, பேச்சு தடுமாறுகிறது. 'தீர்ப்பு எழுத முடியாதவன் நீதிபதியாகி என்ன செய்வது' என்று பேச்சை முடித்துவிடுகிறார். ஹைகோர்ட் நீதிபதிகளுக்குத் தீர்ப்பைத் தவிர வேறு பணி உண்டா? பதவியில் இருக்கும்போது கடும் நோய் வந்தால் என்ன ஆகும்? மாமாவால் திரும்பி வர முடியுமா?"

தம்பி, நான் பல ஆண்டுகள் நீதிபதிகளின் சேம்பரில் தனிச்செயலராக இருந்தவன். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது அவளைத் தேற்றி நடக்கவைத்தது எங்கள் குடும்பம்தான். இந்த இரண்டு அனுபவங்களை வைத்தே எழுதுகிறேன். மருந்து, அளவு, பரிசோதனை பற்றியெல்லாம் உங்கள் மாமாவின் மருத்துவர் சொல்வதே முடிவு.

முதலில் மாமாவின் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அது நீதிபதி வேலையைப் பற்றிய பாதிச் சித்திரம்தான். காலையில் பெஞ்சில் உட்கார்ந்து வழக்குக் கேட்பதும் மாலையில் ஸ்டெனோவிடம் தீர்ப்பைச் சொல்வதும் வெளியே தெரிகிற பகுதி. அரசியல் சட்டத்தின் 235-ஆம் பிரிவு, கீழ்நிலை நீதிமன்றங்கள் அனைத்தின் மீதுமான கட்டுப்பாட்டை ஹைகோர்ட்டிடம் கொடுத்திருக்கிறது. நம் பாலக்காட்டுச் சித்தூரின் முன்சீப்பை (கீழ்நிலை சிவில் நீதிபதியை) இடமாற்றுவது, பாலக்காடு நீதிமன்றக் கட்டடத்தின் கூரை, ஒரு ஷெரிஸ்தார் (நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர்) மீதான புகார் என்று எதுவானாலும் கடைசியில் ஏதோ ஒரு நீதிபதியின் மேசைக்குத்தான் கோப்பாக வரும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பொறுப்பு நீதிபதி உண்டு. சிறார் நீதிக் குழு, விதிகளைத் திருத்தும் குழு, நீதிபதிகளுக்கான பயிற்சி நிறுவனம், மாநிலச் சட்டப்பணி ஆணையம் என்று பட்டியல் நீளும். கொச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் கேரள ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதி. இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு நின்று வாதங்களைக் கேட்கும் உடல் தேவையில்லை. பொறுமையாகப் படிக்கும் கண்ணும் நியாயம் தவறாத மனமும் போதும். நல்ல நீதிபதி யார், சாதாரண நீதிபதி யார் என்பது சேம்பரில் வேலை செய்த எங்களுக்கு இந்தக் கோப்புகளில்தான் தெரியவரும்.

இனி, தீர்ப்புக்கு வெளியே வாழ்ந்தவர்கள். நம் மாவட்டமே இதற்குச் சான்று. மங்கரையில் 1857-இல் பிறந்த சர் சி. சங்கரன் நாயர் 1897-இல் அமராவதியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1908 முதல் 1915 வரை சென்னை ஹைகோர்ட் நீதிபதி. பிறகு வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-இல் அந்தப் பதவியைத் தூக்கி எறிந்தார். பஞ்சாபின் முன்னாள் லெப்டினன்ட் கவர்னர் ஓ'டயர் லண்டனில் தொடுத்த அவதூறு வழக்கில் 1924-இல் அவர் தோற்றார் என்பதும் உண்மை. அவர் எழுதிய தீர்ப்புகளை இன்று வழக்கறிஞர்களே அரிதாகத்தான் புரட்டுகிறார்கள். அந்த ராஜினாமாவை மறந்தவர் இல்லை.

வி. ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றி உங்கள் மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்த தமிழர். தலசேரியில் வக்கீல். 1948-இல் சிறைவாசம். 1952-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினர். 1957-இல் ஈ. எம். எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எல்லாம் அவர் கையில். 1968-இல் கேரள ஹைகோர்ட் நீதிபதி, 1971-இல் சட்ட ஆணைய உறுப்பினர், 1973-இல் சுப்ரீம் கோர்ட். 1980-இல் ஓய்வு. 1987-இல் ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் போட்டி. இந்த நீண்ட வாழ்க்கையில் ஹைகோர்ட் பெஞ்சில் அவர் இருந்தது மூன்று ஆண்டுகள்தான். அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவைதான் அதிகம். ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கி 1973-இல் அறிக்கை கொடுத்தார். 1976-இல் அரசியல் சட்டத்தில் இலவசச் சட்ட உதவியைச் சொல்லும் 39-அ பிரிவு வந்ததற்கும், 1987-இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வந்ததற்கும் அந்த அறிக்கை வழி திறந்தது. இன்று சித்தூர் தாலுகாவில் ஒரு கூலித் தொழிலாளி காசில்லாமல் வக்கீல் கேட்டு வாங்க முடிகிறது என்றால், அது ஒரு தீர்ப்பிலிருந்து வந்ததல்ல. ஒரு குழுவின் அறிக்கையிலிருந்து வந்தது. ஓய்வுக்குப் பின் எர்ணாகுளத்தில் அவர் வீட்டு வாசல் கடைசிவரை திறந்தே இருந்தது. 2014 டிசம்பரில், நூறு வயதை ஒட்டி மறைந்தார்.

திருவிதாங்கூரில் 1937-இல் முன்சீப்பாகி, 1959-இல் கேரள ஹைகோர்ட் நீதிபதியான அன்னா சாண்டி இந்தியாவின் முதல் பெண் ஹைகோர்ட் நீதிபதி. அவர் 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தியவர். பெண்களுக்கு வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு எழுத்தில் பதில் கொடுத்தவர். வடக்கே ஆந்திர எல்லைப் பக்கம் பார்த்தால் பி. வி. ராஜமன்னார். 1948 முதல் 1961 வரை சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த அவர் தெலுங்கு நாடக ஆசிரியர், சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவர், நான்காவது நிதிக் குழுவின் தலைவர். மத்திய மாநில உறவு பற்றி 1971-இல் தமிழக அரசுக்கு அவர் குழு கொடுத்த அறிக்கையை இன்றைக்கும் சட்டசபையில் மேற்கோள் காட்டுகிறார்கள். நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழில் தந்தார். நீதிபதி மு. மு. இஸ்மாயில் கம்பனுக்காகவே வாழ்ந்தார் என்று சொன்னாலும் தகும். சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தவர் அவர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையமும் அவருடையதே. 1981-இல் சென்னையின் தலைமை நீதிபதியாக இருந்த அவரைக் கேரளத்துக்கு மாற்றினார்கள். வர மறுத்துப் பதவியை விட்டார். நம் ஹைகோர்ட்டுக்கு அது இழப்பு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பதவி போன பிறகு அவருடைய கம்பராமாயணப் பணி பெருகவே செய்தது.

இவற்றுக்கெல்லாம் வரம்பு உண்டா என்றால், உண்டு. 1997 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் அனைவரும் கூடி நீதித்துறை வாழ்வின் நெறிகளை ஏற்றார்கள். பதவியில் இருக்கும் நீதிபதி வியாபாரம் செய்யக் கூடாது, கிளப் சங்கத் தேர்தல்களில் நிற்கக் கூடாது, அரசியல் விவாதத்தில் இறங்கக் கூடாது, ஊடகங்களுக்குப் பேட்டி தரக் கூடாது. எழுதலாம், கற்பிக்கலாம், இலக்கியம் பேசலாம். ஓய்வு வயது 62. 1963 வரை அது 60 ஆக இருந்தது. நிரந்தர நீதிபதியாக இருந்தவர் ஓய்வுக்குப் பின் சுப்ரீம் கோர்ட்டிலும் மற்ற ஹைகோர்ட்டுகளிலும் மட்டுமே வாதாடலாம் என்கிறது 220-ஆம் பிரிவு. அதாவது, கேரள ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர் சென்னை ஹைகோர்ட்டில் வழக்காடலாம். சித்தூர் முன்சீப் கோர்ட்டிலோ கோயம்புத்தூர் மாவட்ட நீதிமன்றத்திலோ முடியாது.

அதனால் பலர் விசாரணை ஆணையம், மனித உரிமை ஆணையம், நடுவர் மன்றம் என்று போகிறார்கள். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த குழுவின் தலைவர் கே. ஹேமா கேரள ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2019 முடிவில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது, வந்ததும் ஒரு தொழிலே ஆட்டம் கண்டது. எல்லைக்காரர்களான நமக்கு இன்னும் நெருக்கமானது முல்லைப் பெரியாறு. 2010-இல் சுப்ரீம் கோர்ட் அமைத்த அதிகாரக் குழுவில் கேரளத்தின் சார்பில் கே. டி. தாமஸ், தமிழகத்தின் சார்பில் ஏ. ஆர். லட்சுமணன். இருவருமே ஒரு காலத்தில் கேரள ஹைகோர்ட்டில் நீதிபதிகளாக இருந்தவர்கள். இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்ற முடிவுக்குச் சேர்ந்து வருவதற்கு நெஞ்சுரம் வேண்டும். சொந்த ஊரில் வசவு வாங்கிக்கொண்டே அதைச் செய்த தாமஸ் மீது எனக்குப் பெரும் மரியாதை.

அடுத்து நோய். நீதிபதிக்கு நோயே வராது என்று எண்ணிச் சட்டம் எழுதப்படவில்லை. 1954-ஆம் ஆண்டின் ஹைகோர்ட் நீதிபதிகள் சம்பளம், பணி நிபந்தனைகள் சட்டத்தில் விடுப்புக் கணக்கு இருக்கிறது. ஒரே தடவையில் முழுச் சம்பள விடுப்பு ஐந்து மாதம் வரையும், எல்லா வகையும் சேர்த்துப் பதினாறு மாதம் வரையும் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. உடல்நலக் குறைவால் ஓய்வு தவிர்க்க முடியாதது என்று மருத்துவச் சான்று இருந்தால் முன்கூட்டியே ஓய்வு பெற்று ஓய்வூதியமும் பெறலாம். விலக நினைத்தால் ஜனாதிபதிக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் போதும்.

இவற்றைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. எந்த நீதிபதி எந்த வழக்கைக் கேட்பது என்று தீர்மானிப்பவர் தலைமை நீதிபதி. நோயிலிருந்து திரும்பிய ஒருவருக்கு அவர் இலகுவான பட்டியலைக் கொடுக்கலாம், ஒரு மூத்த நீதிபதியுடன் டிவிஷன் பெஞ்சில் (இரு நீதிபதிகள் அமர்வில்) உட்காரவைக்கலாம், சில காலம் நிர்வாகக் குழுக்களின் வேலையைக் கூட்டிப் பெஞ்ச் வேலையைக் குறைக்கலாம். அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்டைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

கடும் நோய் வந்தால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்வியில் பதவி நீக்கமும் அடங்கும். நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது திறனின்மை, இந்த இரண்டு காரணங்களுக்காக மட்டுமே பாராளுமன்றம் ஒரு நீதிபதியை நீக்க முடியும். தீர்மானம் கொண்டுவர மக்களவையில் 100 உறுப்பினர்கள் அல்லது மாநிலங்களவையில் 50 உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். உடல் அல்லது மனத் திறனின்மை என்று குற்றஞ்சாட்டி நீதிபதி அதை மறுத்தால், மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்க 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தில் வழி இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி இந்த வழியில் ஒருவரும் வெளியேற்றப்பட்டதில்லை. ஆக, நோய் வந்த மறுநாளே நாற்காலியைப் பிடுங்கும் ஏற்பாடு எங்கும் கிடையாது.

ஒருவரை மட்டும் இங்கே நினைவுகூர வேண்டும். மதுரையில் பிறந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1895 முதல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி. 1907-இல் உடல்நலக் குறைவால் விலகினார். வயது அறுபத்தைந்து. அதோடு ஓய்ந்துவிட்டார் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். 1916-இல் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்துக்குத் தலைவரானார். 1917-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்திய விடுதலையை வலியுறுத்திக் கடிதம் எழுதினார். அதற்காகப் பிரிட்டிஷ் அரசு கண்டித்தபோது, அது கொடுத்த 'சர்' பட்டத்தையே திருப்பிவிட்டார். நலிந்த உடம்போடு, பெஞ்சை விட்டு இறங்கிப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு செய்த காரியங்கள் இவை.

இப்போது மாமாவின் உடம்பு. ஏழு மாதம் என்கிறீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில் தேறுதல் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும். அது நின்றுபோனது என்று வீட்டில் உள்ளவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டு பிசியோதெரபியை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த சோகம். ஆண்டுக்கணக்கிலும் முன்னேற்றம் வரும், பயிற்சி தொடர்ந்தால் மட்டும். கை விரல்கள் காலைவிடப் பின்தங்கியே தேறும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

சோர்வை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு வரும் களைப்பு நாம் வேலை செய்து களைப்பதைப் போன்றதல்ல. அரை மணி நேரம் பேப்பர் படித்தாலே கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். என் மனைவியை அப்போது 'சும்மாதானே இருக்கிறாய்' என்று உறவினர்கள் கேட்டபோது அவள் முகம் போன போக்கை மறக்க முடியாது. மாமாவிடம் அப்படி ஒருவரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு, எழுத்துப் பயிற்சி எல்லாம் காலையில், தூங்கி எழுந்த தெளிவில் சிறிது சிறிதாக இருக்கட்டும்.

அடுத்தது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. மூளையில் பட்ட காயமே அதற்கு ஒரு காரணம். சிகிச்சை உண்டு. 'இனி என்ன இருக்கிறது' என்ற பேச்சைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளாமல் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போகும்போது மருத்துவரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் 'இப்போது நன்றாக இருக்கிறதே' என்று நிறுத்தக் கூடாது. இரண்டாவது பக்கவாதம் முதல் பக்கவாதத்தைப் போல விட்டுக்கொடுக்காது.

பேச்சு. நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. மாமா வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோர்ட்டில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவர். பல மொழி பேசுகிறவருக்குப் பேச்சு பாதிக்கப்பட்டால் எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்புவதில்லை. சிலருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அவர் எந்தெந்த மொழியை எங்கெங்கே பயன்படுத்தினார் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். முடிந்தால் தமிழ் தெரிந்த பயிற்சியாளரையே தேடுங்கள். சாதாரண வார்த்தை வராதவர்களுக்கும் மனப்பாடமாக இருந்த பாட்டும் தேவாரமும் எண் வரிசையும் தடையில்லாமல் வருவது உண்டு. அவர் எதைச் சிறு வயதில் பாடம் செய்தார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து தினமும் அதைச் சொல்லட்டும்.

உடம்பு முழுதாகத் திரும்பினால்தான் வேலை என்று காத்திருக்க வேண்டாம் என்பதற்கு ஒரு கேரளப் பெண்மணியைச் சொல்வேன். கொச்சிக்காரரான டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே வேலூரில் கட்டியெழுப்பினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் இன்றும் அங்கே வருகிறார்கள். அவர் மகப்பேறு மருத்துவராக வர நினைத்தவர். அந்த ஆசை நிறைவேறவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

மாமா நீதிபதி ஆவாரா? ஹைகோர்ட்டில் பத்து ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவருக்குத் தகுதி உண்டு. பெயர் ஏற்கப்பட்ட பின் மாவட்ட அரசு மருத்துவரின் உடல்தகுதிச் சான்று கேட்பார்கள். ஒரு காலத்தில் நோய் வந்தது என்பது மட்டும் சட்டப்படி தடையல்ல. ஆனால் நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பெயரைத் தேர்ந்தெடுப்பது, வழக்கறிஞர் இப்போது எப்படி வாதாடுகிறார் என்பதைப் பார்த்துத்தான். அவருக்கு வயது 49. காலம் இருக்கிறது, நிறைய இல்லை. நேர்மையாகச் சொன்னால் வாய்ப்பு குறைந்துதான் இருக்கிறது. இந்தப் பேச்சை வீட்டில் கொஞ்ச காலம் ஒருவரும் எடுக்காதிருப்பது நல்லது. கோர்ட்டுக்குத் திரும்புவதே இப்போதைய வேலை.

அதற்கு வழி முன்பைவிட எளிது. கேரள ஹைகோர்ட்டில் மனுக்களைக் கணினி வழியே தாக்கல் செய்யலாம், காணொளியில் ஆஜராகலாம். கொல்லத்தில் 2024 நவம்பரில் தொடங்கிய 24 மணி நேர இணைய நீதிமன்றம் பணமில்லாமல் திரும்பிய செக் பற்றிய வழக்குகளை ஆரம்பம் முதல் முடிவு வரை இணையத்திலேயே நடத்துகிறது. வலது கையில் பலம் இல்லையென்றால் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய ஒரு ஜூனியர் போதும். அந்த ஜூனியர் நீங்களாகவே இருக்கலாம். பழைய கட்டு ஒன்றை எடுத்து, வழக்கின் உண்மைகளைத் தேதிவாரியாக ஒரு பக்கத்துக்குள் சொல்லச் சொல்லுங்கள். நினைவும் ஒழுங்கும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டைவிட அது நன்றாகக் காட்டும். எங்கே தடுமாறுகிறார் என்பதைக் குறித்துப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

எர்ணாகுளம் போய்வரும் பலம் வரும்வரை சித்தூரிலேயே வேலை இருக்கிறது. நம் தாலுகாவில் தமிழ் மட்டுமே தெரிந்த குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும். கிரயப் பத்திரம் தமிழில், நோட்டீஸ் மலையாளத்தில், தீர்ப்பு ஆங்கிலத்தில் என்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் விழித்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. அதை அறிந்து பயன்படுத்துபவர் குறைவு. மூன்று மொழியும் சட்டமும் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் படித்துச் சொன்னாலே பெரிய காரியம். அவசரமாகப் பேச வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. தாலுகா சட்டப்பணிக் குழுவின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கும். குழு வழக்கறிஞர் பட்டியலில் சேர என்ன வேண்டும், லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உட்கார என்ன வழி என்று நீங்களே போய்க் கேட்டு வாருங்கள். சமரசப் பயிற்சி எப்போது நடக்கிறது என்பதையும் விசாரியுங்கள். மாமாவின் மருத்துவர் எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்கிறாரோ அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். விண்ணப்பத்தை அவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். கையெழுத்தை மட்டும் அவரே போடட்டும், இடது கையால் என்றாலும் சரி. கையெழுத்து மாறியிருப்பதை வங்கியிலும் பார் கவுன்சிலிலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வீண் அலைச்சல் இருக்காது.